தாயோடு சிறையில் வாழும் குழந்தைகளின் உரிமைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாயைச் சிறைக்குக் கொண்டுபோகும்போது இடுப்பில் இருக்கும் குழந்தையும் கூடவே போகிறது. சுதந்திரம் பறிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஐ.நா.வுக்காக நடத்தப்பட்டு 2019-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு, பெற்றோருடன் சிறையில் வாழும் குழந்தைகள் சுமார் 19,000 பேர் என்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் தாயோடு இருப்பவர்கள். இந்தக் குழந்தைகளுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு, அவற்றை யாரிடம் கேட்டுப் பெறலாம் என்பதைக் கீழே உள்ள பதில்கள் சொல்கின்றன. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். எனவே எல்லா நாடுகளுக்கும் பொதுவான சர்வதேச விதிகளை முதலில் வைத்து, தேவைப்படும் இடங்களில் சில நாடுகளின் நடைமுறையைச் சொல்லியிருக்கிறோம்.

குற்றமே செய்யாத குழந்தை சிறைக்குள் எப்படி வருகிறது?

சில குழந்தைகள் அங்கேயே பிறக்கின்றன, ஏனென்றால் கைதானபோது தாய் கர்ப்பமாக இருந்திருப்பார். சில குழந்தைகள் பால்குடி மறக்காத வயதில் தாயோடு வருகின்றன. இன்னும் சில, வெளியே பார்த்துக்கொண்ட பாட்டியோ சித்தியோ முடியாமல் போனபிறகு உள்ளே வந்து சேர்கின்றன.

இந்தத் தாய்மாரெல்லாம் தண்டனை பெற்றவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியக் கணக்கைப் பாருங்கள். 2022 டிசம்பர் 31 அன்று அங்குள்ள சிறைகளில் தாயோடு 1,764 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் 1,479 பேரின் தாய்மார் விசாரணைக் கைதிகள். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள், தாய் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாத நிலையில் சிறையில் வாழ்கிறார்கள். பிணை நிற்க ஆள் இல்லாத வீட்டுப் பெண்ணுக்குக் காத்திருப்பு நீளும், குழந்தைக்கும் அதே அளவு நீளும். இப்படிக் குழந்தையோடு சிறையில் இருக்கும் பெண்களின் வழக்குகளுக்கு முன்னுரிமை தந்து விரைவில் முடிக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2006-இலேயே கீழ் நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

சட்டத்தின் பார்வையில் அந்தக் குழந்தை யார்? அதுவும் கைதிதானா?

இல்லை. தாயோடு சிறையில் இருக்கும் குழந்தையை ஒருபோதும் கைதியாக நடத்தக் கூடாது என்று, பெண் கைதிகளுக்காக ஐ.நா. வகுத்த பாங்காக் விதிகளின் 49-ஆம் விதியும், எல்லாக் கைதிகளுக்குமாக அது வகுத்த நெல்சன் மண்டேலா விதிகளின் 29-ஆம் விதியும் ஒரே குரலில் சொல்கின்றன. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற பதில்கள் எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து கிளைப்பவை. கைதி இல்லை என்றால் அதற்குக் கைதி எண் கிடையாது, சீருடை கிடையாது, கணக்கெடுப்பு வரிசையில் நிற்க வேண்டியதில்லை, தாய்க்கு விதிக்கும் கட்டுப்பாடுகள் அதைத் தொடக் கூடாது. அது சிறையில் குடியிருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தெந்தச் சட்டங்களைச் சுட்டிக்காட்டலாம்?

முதலாவது, 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை. அமெரிக்கா தவிர ஏறக்குறைய உலக நாடுகள் எல்லாமே இதை ஏற்றிருக்கின்றன, ஆகவே பெரும்பாலான வாசகர்களின் நாட்டை இது கட்டுப்படுத்தும். பெற்றோரின் நிலையையோ செயலையோ காரணம் காட்டிக் குழந்தையைத் தண்டிக்கவோ பாகுபடுத்தவோ கூடாது என்கிறது 2-ஆம் பிரிவு. குழந்தையைத் தொடும் எந்த முடிவிலும் அதன் நலனுக்கு முதன்மை தர வேண்டும் என்பது 3-ஆம் பிரிவு. பெற்றோரிடமிருந்து பிரிப்பது பற்றி 9-ஆம் பிரிவும், விளையாட்டு பற்றி 31-ஆம் பிரிவும் பேசுகின்றன.

இரண்டாவது, 2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பாங்காக் விதிகள். தாய்லாந்தின் முன்முயற்சியில் உருவான இந்த 70 விதிகள் பெண் கைதிகளுக்கென்றே எழுதப்பட்டவை, குழந்தைகளைப் பற்றி மிக விரிவாகப் பேசுபவையும் இவைதான். மூன்றாவது, 2015-இன் நெல்சன் மண்டேலா விதிகள். இவை இரண்டும் உடன்படிக்கை போலக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இல்லை. ஆனாலும் நீதிமன்றங்களும் சிறைக் கண்காணிப்புக் குழுக்களும் இவற்றை அளவுகோலாக எடுத்துக்கொள்கின்றன. எனவே மனு எழுதும்போது விதி எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கூடுதலாக ஒரு பலம் உண்டு. 1990-இல் உருவான ஆப்பிரிக்கக் குழந்தைகள் சாசனத்தின் 30-ஆம் பிரிவு, சிறைப்பட்ட தாய்மாரின் குழந்தைகளுக்காகவே எழுதப்பட்டது.

குழந்தையைச் சிறையில் வைப்பதே தவறில்லையா? உறவினரிடம் கொடுத்துவிடலாமே?

இதைக் கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இரண்டையும் பார்ப்போம்.

ஏறக்குறைய 6 முதல் 9 மாதத்துக்குள், தன்னை வளர்ப்பவரிடம் குழந்தைக்குத் தெளிவான ஒட்டுதல் உண்டாகிறது. பிரிவைக் கண்டு அது அஞ்சுவது உச்சத்துக்குப் போவது 10-ஆவது மாதத்துக்கும் 18-ஆவது மாதத்துக்கும் இடையில். அந்த நேரத்தில் தாயின் கையிலிருந்து எடுத்து, அதுவரை பார்த்திராத ஒருவரிடம் கொடுத்தால், நமக்கு அது இடமாற்றமாகத் தெரியலாம். குழந்தைக்கு அது தாயை இழப்பதுதான். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே, பிறகு மற்ற உணவோடு 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிரித்தால் அதுவும் போய்விடும்.

மறுபக்கம், சிறை குழந்தைக்காகக் கட்டப்பட்ட இடமே இல்லை. நெரிசல், இரவு முழுவதும் விளக்கு, கூச்சல், காசநோய் போன்ற தொற்றுகள். பார்த்த முகங்களையே திரும்பத் திரும்பப் பார்ப்பது. மற்ற கைதிகளின் சண்டையும் அழுகையும் குழந்தையின் காதில் விழத்தான் செய்யும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. தாயோடு இருக்க அனுமதிப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குழந்தையின் நலனை வைத்து மட்டுமே முடிவு செய்யச் சொல்கிறது பாங்காக் விதி 49. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: வெளியே யார் இருக்கிறார்கள்? குழந்தைக்கு அவர்களைத் தெரியுமா? அந்த வீட்டில் வன்முறை உண்டா? தாய் எவ்வளவு காலம் உள்ளே இருப்பார்? இந்தச் சிறையில் குழந்தைக்கு என்ன வசதி இருக்கிறது? வெளியே இருக்கும் அண்ணன், அக்காவை விட்டு இதைப் பிரிக்கிறோமா? இவற்றைக் கேட்காமல், ‘இங்கே குழந்தைகளை வைப்பதில்லை’ என்றோ ‘எல்லாரும் வைத்துக்கொள்ளலாம்’ என்றோ சொல்லிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. குழந்தையின் நலனை அந்தப் பதில் பார்க்கவே இல்லை. முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரணம் எழுதப்பட்டிருந்தால்தான் மேல்முறையீட்டில் அதை எதிர்த்துப் பேச முடியும்.

அப்படியானால் தாயைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பதுதானே நல்லது?

ஆம். கேள்விகளில் முதலில் வர வேண்டியது இதுதான், நடைமுறையில் கடைசியாக வருவதும் இதுதான். குழந்தையைச் சிறையில் எப்படி வைப்பது என்று யோசிக்கத் தொடங்கும்போதே ஒரு படி தாமதமாகிவிடுகிறது. தாயைக் காவலில் வைக்கலாமா, என்ன தண்டனை தரலாம் என்று நீதிபதி யோசிக்கும் இடத்திலேயே குழந்தையும் கணக்கில் வந்திருக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும், தன்னைச் சார்ந்த குழந்தைகள் உள்ள பெண்களுக்கும் இயன்ற இடத்தில் சிறை அல்லாத தண்டனையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது பாங்காக் விதி 64. குற்றம் கடுமையானதோ வன்முறையானதோ ஆக இருந்தால், அல்லது அந்தப் பெண்ணால் தொடர்ந்து ஆபத்து இருந்தால்தான் சிறையைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் குழந்தையின் நலனைக் கணக்கில் கொண்டு, அதன் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்த பிறகே.

சில நாடுகள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தின் முன் 2007-இல் வந்த ஒரு வழக்கு நினைவில் வைக்கத் தக்கது. மூன்று மகன்களைத் தனியாக வளர்த்த ஒரு தாய் கடன் அட்டை மோசடியில் தண்டிக்கப்பட்டிருந்தார். தீர்ப்பு எழுதிய நீதிபதி ஆல்பி சாக்ஸ், தண்டனை வழங்கும் நீதிமன்றம் குழந்தைகளின் நலனைத் தனியாக எடைபோட்டே ஆக வேண்டும் என்றார். அந்தத் தாயின் சிறைத்தண்டனைக்குப் பதிலாகக் கண்காணிப்பும் சமூக சேவையும் விதிக்கப்பட்டன, ஏமாற்றப்பட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவானது. பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு கூட்டு ஆட்கொணர்வு மனுவை ஏற்று, விசாரணைக் காவலில் இருந்த கர்ப்பிணிகளையும் 12 வயது வரையுள்ள குழந்தைகளின் தாய்மாரையும் வீட்டுக்காவலுக்கு மாற்றச் சொன்னது. வன்முறைக் குற்றங்களுக்கும், தன் குழந்தைக்கே இழைத்த குற்றங்களுக்கும் அதில் விலக்கு உண்டு. சிறு குழந்தையின் தாய்க்குத் தண்டனையைத் தள்ளிப்போட ரஷ்யக் குற்றவியல் சட்டம் இடம் தருகிறது.

வீட்டுக்காவல் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாசலைத் தாண்டக் கூடாது என்று மட்டும் உத்தரவிட்டால், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை யார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவது? வீட்டு வாடகைக்கு எங்கே போவது? மருத்துவம், பள்ளி, வேலை ஆகியவற்றுக்கு அனுமதியை அதே உத்தரவில் கேட்டுப் பெறும்படி வழக்கறிஞரிடம் வலியுறுத்துங்கள்.

தாய் என்பதற்காகக் குற்றவாளியைத் தப்பவிடுவது நியாயமா? பாதிக்கப்பட்டவர்களின் நிலை?

யாரும் தப்பவில்லை. கண்காணிப்பு, சமூக சேவை, இழப்பீடு எல்லாமே தண்டனைகள்தான். தென்னாப்பிரிக்கத் தீர்ப்பில் பணத்தை இழந்தவர்களுக்கு அது திரும்பக் கிடைக்க வழி செய்யப்பட்டது, தாய் சிறையில் இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. கடுமையான குற்றங்களில் சிறை தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அப்போதும் அந்த இழப்பின் பாரம் இரண்டு வயதுக் குழந்தையின் தலையில் இறங்காமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு.

கைதாகும் நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

காவலில் வைப்பதற்கு முன்போ, வைக்கும்போதோ, குழந்தைகளுக்கு ஏற்பாடு செய்துகொள்ளத் தாய்க்கு அவகாசம் தர வேண்டும், தேவைப்பட்டால் காவலையே நியாயமான காலத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்கிறது பாங்காக் விதி 2. சேர்க்கையின்போது குழந்தைகள் எத்தனை பேர், பெயர், வயது, கூட இல்லாதவர்கள் எங்கே, யார் பொறுப்பில் என்பதைப் பதிவு செய்து ரகசியமாக வைக்கச் சொல்கிறது விதி 3. யாரும் கேட்காவிட்டாலும் தாய் தானாகவே சொல்லிவிட வேண்டும். குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. அப்படி மறைத்தால் வீட்டில் தனியாக இருக்கும் குழந்தையைத் தேடி யாரும் போக மாட்டார்கள்.

எத்தனை வயது வரை தாயோடு இருக்கலாம்?

சர்வதேச விதி எதுவும் வயதைக் குறிப்பிடவில்லை. நாடுகள்தாம் வரம்பு வைத்திருக்கின்றன, அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. நார்வே சிறைக்குள் குழந்தைகளை அனுமதிப்பதே இல்லை. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பொதுவாக 18 மாதம். தென்னாப்பிரிக்காவில் முன்பு 5 வயதாக இருந்ததை 2 ஆகக் குறைத்தார்கள். ஸ்பெயின், மெக்சிகோ இரண்டிலும் 3. அர்ஜென்டினாவிலும் கென்யாவிலும் 4. இந்தியாவில் 6.

எண் பெரிதாக இருந்தால் சட்டம் இரக்கமானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விளையாட இடமும் ஆசிரியரும் இல்லாத நெரிசலான கொட்டடியில் 6 வயது வரை இருப்பது நன்மை என்று சொல்ல முடியாது. தனி வளாகமும், பகலில் வெளியே போய்வரும் வசதியும் இருந்தால் 3 வயது வரம்பே குறுகியதாகத் தோன்றும். வரம்பு நாளைப் பிறந்தநாளோடு முடிச்சுப் போடுவதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. தாய்க்கு விடுதலையாக மூன்று மாதமே இருக்கும்போது, வயது ஆகிவிட்டது என்று குழந்தையை ஒரு விடுதிக்கு அனுப்பி, புது முகங்களுக்குப் பழகவிட்டு, மறுபடி பிடுங்கித் தாயிடம் கொடுப்பதில் யாருடைய நலன் இருக்கிறது?

இதை நீதிமன்றங்களும் கண்டிருக்கின்றன. 18 மாதம் என்ற கொள்கையை எந்த விதிவிலக்கும் இல்லாமல் கையாளக் கூடாது, குழந்தையின் நலனைக் காக்க என்று வகுத்த கொள்கை அந்த நலனுக்கே எதிராகப் போகக் கூடாது என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் சொன்னது. வரம்பு நெருங்குகிறது என்றால் பல மாதங்கள் முன்பே நீட்டிப்புக் கேட்டு மனு கொடுங்கள்.

சிறையில் இருக்கும்போது பிரசவம் நேர்ந்தால்?

இயன்ற இடத்திலெல்லாம் பிரசவம் சிறைக்கு வெளியே, மருத்துவமனையில் நடக்க வேண்டும். பிரசவ வலியின்போதும், குழந்தை பிறக்கும்போதும், பிறந்த உடனேயும் தாய்க்குக் கைவிலங்கோ கால்விலங்கோ எதுவும் பூட்டக் கூடாது. பாங்காக் விதி 24 இதற்கு எந்த விலக்கும் வைக்கவில்லை. இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2006 தீர்ப்பு, பாதுகாப்பு அபாயம் மிக அதிகமாக இல்லாத நிலையில் பிரசவத்துக்காகத் தற்காலிக விடுதலையோ பரோலோ தரச் சொல்கிறது.

இங்கிலாந்தில் 2019-இல் 18 வயதுப் பெண் ஒருவர் இரவில் சிறை அறையில் தனியாகப் பிரசவித்தார், குழந்தை இறந்தது. அதை ஆராய்ந்த சிறைக் குறைதீர்ப்பாளரின் 2021 அறிக்கை, சிறையில் இருக்கும் எந்தப் பெண்ணின் கர்ப்பத்தையும் அதிக ஆபத்துள்ளதாகவே கருத வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவரால் தானாக எழுந்து மருத்துவமனைக்குப் போக முடியாது, அதனால்தான். கர்ப்பிணியின் அறையில் அழைப்பு மணி வேலை செய்கிறதா, இரவில் அழைத்தால் யார் வருவார்கள் என்பதைக் குடும்பத்தினர் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவைக்கலாம்.

பிறப்புச் சான்றிதழில் சிறை என்று வருமா?

வரக் கூடாது. குழந்தை சிறையிலேயே பிறந்துவிட்டாலும் அதைப் பிறப்புச் சான்றிதழில் குறிப்பிடக் கூடாது என்கிறது மண்டேலா விதி 28. பதிவு செய்யாமலே விட்டுவிடுவதும் தவறு. பிறந்த உடனே பதிவும் பெயரும் குழந்தையின் உரிமை. சான்றிதழ் இல்லாவிட்டால் தடுப்பூசி அட்டை முதல் பள்ளிச் சேர்க்கை வரை ஒவ்வொன்றும் தடைப்படும்.

சாப்பாடு?

குழந்தைக்குத் தனி உணவு வேண்டும். தாயின் தட்டிலிருந்தே குழந்தைக்கும் ஊட்டிக்கொள்ளட்டும் என்று விட்டால் இருவருமே பட்டினி. கர்ப்பிணி, பாலூட்டும் தாய், குழந்தை ஆகியோருக்குப் போதுமான உணவை வேளைக்கு, இலவசமாகத் தர வேண்டும், மருத்துவக் காரணம் இருந்தாலொழிய பாலூட்டுவதைத் தடுக்கக் கூடாது என்பவை பாங்காக் விதி 48-இல் உள்ளன. இந்தியத் தீர்ப்பு குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற உணவு அளவும், ஊட்டுவதற்கு ஏற்ற தனிப் பாத்திரமும், சுத்தமான குடிநீரும் கேட்கிறது. அந்தப் பாத்திரத்தைக் கூட ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் உத்தரவில் எழுத வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

மருத்துவம்?

உள்ளே வந்ததும் பரிசோதனை, அதைக் குழந்தை நல மருத்துவர் செய்வது நல்லது. தடுப்பூசிகள் உரிய மாதத்தில். எடை, உயரம், பேச்சு, நடை ஆகியவற்றைத் தொடர்ந்து பார்ப்பது. வெளியே உள்ள குழந்தைக்குக் கிடைக்கும் தரத்தில் குறையாத சிகிச்சை. இவை பாங்காக் விதிகள் 9, 51 ஆகியவற்றில் உள்ளவை. குழந்தைகள் இருக்கும் சிறையின் ஊழியர்கள் அவசர நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்திருக்க, குழந்தை வளர்ச்சியிலும் அடிப்படை மருத்துவத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்று விதி 33 சொல்கிறது. நடு இரவில் வலிப்பு வரும் குழந்தைக்கு, சாவியை வைத்திருப்பவர்தான் முதலில் வந்து சேரும் மனிதர். அவருக்கு முதலுதவி தெரிந்திருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விளையாட்டு, படிப்பு, வெளியுலகம்?

குழந்தை வளரும் சூழல், இயன்றவரை வெளியே வளரும் குழந்தையின் சூழலைப் போலவே இருக்க வேண்டும் என்று விதி 51 சொல்கிறது. இதைப் படித்துவிட்டு வண்ணப் படம் வரைந்த ஒரு சுவரோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அது போதாது.

சிறையில் வளரும் குழந்தை எதையெல்லாம் பார்ப்பதில்லை? இந்தியாவின் 2006 தீர்ப்பு எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வு இதைப் பற்றிச் சொல்வது நெஞ்சைப் பிசைகிறது. இந்தக் குழந்தைகளுக்கு வீட்டு விலங்குகள் தெரிவதில்லை, தெருவில் ஒரு விலங்கைக் கண்டால் மிரள்கிறார்கள். பெண்கள் பகுதியிலேயே வளர்ந்த ஆண் குழந்தைகள் சிலர், தன்னைப் பற்றிப் பேசும்போது பெண்பால் வடிவத்தையே பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் அவர்கள் காதில் விழுந்தது அது மட்டும்தான். குழந்தை தான் காண்பதிலிருந்து உலகத்தைக் கட்டிக்கொள்கிறது. காண்பது சுவரும் சாவிக்கொத்தும் கணக்கெடுப்பும் என்றால் அவைதான் அதன் உலகம்.

ஆகவே மூன்று வயதுக்குக் கீழே காப்பகம், மூன்று முதல் ஆறு வரை பாலர் பள்ளி என்று அதே தீர்ப்பு உத்தரவிட்டது. இவை சிறை வளாகத்துக்கு வெளியே இருந்தால் மிகவும் நல்லது. ஒவ்வொரு நாளும் வாசலைத் தாண்டி, பேருந்தையும் நாயையும் மரத்தையும் சிறைக்குச் சம்பந்தமில்லாத மற்ற குழந்தைகளையும் பார்த்துவிட்டு வரும் குழந்தைக்கும், வராத குழந்தைக்கும் உள்ள வித்தியாசம் சில மாதங்களிலேயே பேச்சில் தெரியும். காப்பகம் இருந்தால் தாயும் தொழிற்பயிற்சிக்கோ படிப்புக்கோ போக முடியும். அதேசமயம், தாயும் குழந்தையும் சேர்ந்திருக்க அதிகபட்ச நேரம் தர வேண்டும் என்ற விதி 50-ஐ இது விழுங்கிவிடக் கூடாது.

இத்தாலி 2011-இல் சட்டம் இயற்றி, தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சிறைபோலத் தோன்றாத தனிக் காவல் இல்லங்களுக்கு வழி செய்தது. மிலானில் அதற்கு முன்பே, 2006-இல் அப்படி ஒன்று தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் ஹில்ஸ் சிறையில் குழந்தைப் பிரிவு 1901 முதல் இருக்கிறது. இது முடியாத காரியம் என்று எந்த நிர்வாகமும் சொல்வதற்கில்லை.

குழந்தையைச் சோதனை போடலாமா? தாய்க்குத் தண்டனை தந்தால் குழந்தைக்கு என்ன ஆகும்?

சோதனை அவசியமானால், பயிற்சி உள்ளவர்கள், குழந்தையின் கண்ணியம் கெடாமல், மென்மையாகச் செய்ய வேண்டும் (பாங்காக் விதி 21). கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் ஆகியோரைத் தனிக்கொட்டடியில் அடைக்கக் கூடாது (பாங்காக் விதி 22). ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லிக் குழந்தைகளைப் பார்க்க விடாமல் தடுப்பதும் கூடாது (பாங்காக் விதி 23). ‘ஒழுங்காக நடக்காவிட்டால் குழந்தையை அனுப்பிவிடுவோம்’ என்று மிரட்டுவதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை. அப்படி மிரட்டினால் நாள், நேரம், பெயர் குறித்துப் புகார் செய்யுங்கள்.

பாட்டி வீட்டுக்குச் சில நாள் போய்வர முடியுமா?

முடிய வேண்டும். குழந்தை கைதி இல்லை என்பதால் அதை உள்ளேயே நிறுத்திவைக்கக் காரணம் எதுவும் கிடையாது. ஒருமுறை வெளியே போனால் திரும்ப அனுமதி இல்லை என்று ஒரு சிறை சொன்னால், அதை எதிர்த்து மனு கொடுக்க வலுவான அடிப்படை உண்டு. இந்தப் போக்குவரத்து பிற்காலத்துக்கும் உதவும், ஏனென்றால் பிரியும் நாள் வரும்போது பாட்டி வீடு குழந்தைக்குப் பழகிய வீடாக இருக்கும்.

தந்தை சிறையில் இருந்தால்?

மண்டேலா விதி 29 தாய் என்று சொல்லவில்லை, பெற்றோர் என்றே சொல்கிறது. நடைமுறையில் தந்தையோடு குழந்தை வாழ வசதி உள்ள சிறைகள் மிகக் குறைவு.

தாய் வெளிநாட்டவராக இருந்தால்?

அதே உரிமைகள்தாம். குழந்தையைச் சிறையிலிருந்து எடுக்கும்போது அதைத் தாயகத்துக்கு அனுப்புவது பற்றி யோசிக்கலாம், ஆனால் குழந்தையின் நலனை வைத்து, தாயைக் கலந்து பேசியே (பாங்காக் விதி 53). குழந்தையின் குடியுரிமை ஆவணங்களுக்காகத் தூதரகத்தை ஆரம்பத்திலேயே தொடர்புகொள்வது நல்லது.

பிரியும் நாளை எப்படிக் கையாள்வது?

அதை ஒரே நாளில் முடிக்காமல் இருப்பதுதான் முதல் விதி. போகும் இடம் உறுதியான பிறகே குழந்தையை எடுக்க வேண்டும், அதையும் மென்மையாகச் செய்ய வேண்டும், பிரிந்த பிறகு தாயைச் சந்திக்க அதிகபட்ச வாய்ப்பு தர வேண்டும் என்று பாங்காக் விதி 52 சொல்கிறது. அதிகாலையில், தாய் குளிக்கப் போன நேரத்தில், ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் அழுகையைத் தவிர்க்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தை அன்றைக்கு அழாமல் இருக்கலாம். அதற்குப் பிறகு எந்தக் கதவு மூடினாலும் அது பயப்படும்.

வளர்க்கப்போகிறவர் முதலில் சிறைக்கு வந்து, தாயின் முன்னிலையில் குழந்தையோடு விளையாடட்டும். பிறகு ஒரு பகல், ஒரு இரவு, ஒரு வாரம் என்று கூட்டிப்போகட்டும். எங்கே போகிறாய், அம்மாவை எப்போது பார்ப்பாய் என்று குழந்தைக்குப் புரியும் சொல்லில், உண்மையாகச் சொல்ல வேண்டும். ‘அம்மா நாளைக்கு வந்துவிடுவாள்’ என்ற பொய் வேண்டாம். தாயின் புடவையோ போர்வையோ, ஒரு படமோ கூடப் போகட்டும். அண்ணன், அக்கா இருந்தால் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். யாரிடம் விடுவது என்பதில் தாயின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். விடுதியில் சேர்ப்பதானால் இயன்றவரை சிறை இருக்கும் அதே ஊரில் சேர்த்து, வாரம் ஒருமுறையாவது தாயைச் சந்திக்க வைக்க வேண்டும் என்பது இந்தியத் தீர்ப்பின் கட்டளை.

பிரிந்தபின் தாயையும் கவனிக்க வேண்டும். பால் கட்டிக்கொண்டு வலிக்கும், தூக்கம் வராது, தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரலாம். முதல் வாரங்களில் அவரைத் தனியே விடாமல், மருத்துவரும் மனநல ஆலோசகரும் பார்க்க ஏற்பாடு வேண்டும்.

சிறையில் இருப்பதால் தாய் உரிமையை இழந்துவிடுவாரா?

சிறைத்தண்டனை மட்டுமே பெற்றோர் உரிமையைப் பறித்துவிடாது. ஆனாலும் காலம் கடந்தால் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த குழந்தையின் விஷயத்தில், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் உரிமையை முடிக்க அரசு மனு போட வேண்டும். இரண்டு ஆண்டுத் தண்டனை ஒரு தாயின் வாழ்நாள் பிரிவாக மாற இது போதும். எந்த நாடானாலும், குழந்தை தொடர்பான விசாரணை அறிவிப்பு வந்தால் தாய் நேரிலோ காணொளியிலோ வழக்கறிஞர் மூலமோ பதில் சொல்லியே ஆக வேண்டும்.

உரிமை மறுக்கப்பட்டால் யாரிடம் போவது?

முதலில் சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுத்து மனு, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம். பிறகு சிறையைப் பார்வையிடும் நீதிபதி அல்லது குழு, குழந்தைகள் உரிமை ஆணையம், மனித உரிமை ஆணையம், குறைதீர்ப்பாளர் என்று உங்கள் நாட்டில் எது உண்டோ அது. கடைசியாக உயர் நீதிமன்றம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று நிறுத்திவிட வேண்டாம். இந்தியாவின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது, வேறு பல நாடுகளிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. உள்நாட்டு வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகு, புகார் நடைமுறைக்கான உடன்பாட்டை ஏற்ற நாடாக இருந்தால் ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழுவிடமும் முறையிடலாம்.

மனுவைத் தாயின் குறையாக எழுதுவதை விட, குழந்தையின் பெயரில், குழந்தையின் உரிமையாக எழுதுவது பலன் தரும். தாயிடம் ‘தண்டனை என்றால் இப்படித்தான்’ என்று சொல்லிவிடலாம். தண்டனையே இல்லாத குழந்தையிடம் அந்தப் பதில் செல்லாது.

பள்ளியில் சேர்க்கும்போது சிறையில் வளர்ந்ததைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் இல்லை. அது குழந்தையின் தனிப்பட்ட செய்தி. சேர்க்கைப் படிவத்தில் இப்போது வளர்ப்பவரின் முகவரி போதும். வகுப்பாசிரியர் ஒருவருக்கு மட்டும் சொல்வதா என்பதை வளர்ப்பவரும் தாயும் சேர்ந்து முடிவு செய்யட்டும், சொன்னால் அவர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். சொல்வதில் ஒரு பயன் உண்டு. அம்மாவைப் பார்க்கப் போகும் நாளுக்கு, காரணம் கேட்டுக் குழந்தையை வகுப்பின் முன் நிறுத்தாமல், அவர் விடுப்பு தந்துவிடலாம்.